பேனாவை மூடிவிடாதீர்கள்

டெல்லியில் ஓய்வுபெற்ற, ஓய்வுபெறவிருக்கும் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்



எந்தத் தேதியில் பிறந்திருந்தாலும் மாதத்தின் கடைசி நாள் பிற்பகலில்தான் மத்திய அரசு உங்களை விடுவிக்கிறது. ஒன்றாம் தேதி பிறந்தவராக இருந்தால் முந்தைய மாதத்தோடு கணக்கு முடிந்துவிடும். அன்று மாலை சால்வை, பூங்கொத்து, சமோசா, பிரிவின் தலைவர் பேசும் நாலு நல்ல வார்த்தை. பிறகு ஆறு மாதத்துக்குள் குவார்ட்டர்ஸைக் காலிசெய்துகொண்டு மயூர் விஹாருக்கோ துவாரகாவுக்கோ ஜனக்புரிக்கோ குடிபோகிறீர்கள். பணிக்கொடை எவ்வளவு, கம்யூடேஷனில் எவ்வளவு பிடிக்கலாம், விடுப்புக்கு ஈடாக என்ன வரும், சி.ஜி.எச்.எஸ். அட்டையை எந்த டிஸ்பென்சரிக்கு மாற்றுவது என்று எல்லாவற்றையும் இரண்டு வருடம் முன்பே பென்சிலால் எழுதிப் பார்த்தவர்கள் நீங்கள். 1998இல் ஓய்வு வயது 58இலிருந்து 60ஆக உயர்ந்தபோது கிடைத்த இரண்டு வருடச் சம்பளத்தைக்கூட பைசா சுத்தமாகக் கணக்குப் போட்டவர்கள் உங்கள் மூத்தவர்கள். அதே பென்சிலை எடுத்து, இனி வரப்போகும் பதினைந்து இருபது வருடத்துக் காலைப்பொழுதுகளை என்ன செய்வது என்று எழுதிப் பார்த்தவர்கள் உங்களில் எத்தனை பேர்?

ஓய்வுக்குப் பிறகு உங்களைத் துன்புறுத்துவது பெரும்பாலும் பணமுடை அன்று. முப்பத்தைந்து வருடம் உங்கள் மேசைக்கு ஒரு காகிதம் வந்தது. நீங்கள் அதில் ஏதோ எழுதினீர்கள். அதனால் எங்கோ ஒருவருக்கு ஏதோ நடந்தது அல்லது நடக்காமல் நின்றது. செக்‌ஷன் ஆபீசராக இருந்தாலும் ஸ்டெனோவாக இருந்தாலும் அந்தச் சங்கிலியில் உங்களுக்கு ஒரு கண்ணி இருந்தது. அது அறுந்தபின் வருகிற வெறுமையை நடைப்பயிற்சியாலும் வாட்ஸாப் ஃபார்வர்டாலும் நிரப்பிவிட முடியாது. வீட்டில் போய் நிர்வாகம் செய்யலாம் என்றாலோ, அங்கே ஏற்கெனவே நன்றாக நடந்துகொண்டிருக்கும் நிர்வாகம் ஒன்று உண்டு. காய்கறிக் கணக்கைத் தணிக்கை செய்ய அங்கே யாரும் ஆள் கேட்கவில்லை. (பணிபுரிந்து ஓய்வுபெற்ற பெண்களுக்கு இந்தச் சிக்கல் வேறு விதம். அலுவலகம் விடுவித்தது, அடுப்படி விடுவிக்கவில்லை. இந்த மடலில் கேட்கப்போவதை அவர்களிடம் கேட்கும் முன், அந்த வீட்டு ஆண்கள் சமையலறையில் கொஞ்சம் பொறுப்பேற்பது நல்லது.) ஆகவேதான் ஓய்வுபெற்ற கையோடு உங்களில் பலர் ரோட்டரி சங்கத்திலோ அரிமா சங்கத்திலோ குடியிருப்போர் நலச் சங்கத்திலோ தமிழ் அமைப்புகளிலோ சேர்கிறீர்கள். சேர்வது சரிதான். சேர்ந்த பிறகு செய்கிற வேலையைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டியிருக்கிறது.

டிசம்பர் கடைசியில் கம்பளி வழங்குகிறீர்கள். ஜனவரியில் மருத்துவ முகாம், ஆகஸ்டில் நோட்டுப்புத்தகம், அக்டோபரில் மரக்கன்று. ஒவ்வொன்றிலும் பின்னால் பேனர், முன்னால் புகைப்படக்காரர். கம்பளி வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். டெல்லிக் குளிரில் நடைபாதையில் படுப்பவருக்கு அது உயிர்ப்பிச்சை. ஆனால் இந்த வேலைகள் எல்லாம் ஒரே நாளில் முடிகிறவையாக இருப்பதற்குக் காரணம் தேவையில் இல்லை, சங்கங்களின் அமைப்பில் இருக்கிறது. ரோட்டரியிலும் அரிமா சங்கத்திலும் ஜூலை முதல் தேதி ஆண்டு பிறக்கிறது, புதுத் தலைவர் வருகிறார். அவருக்குப் பன்னிரண்டு மாதம். அதற்குள் தன் பெயர் சொல்ல ஏதாவது வேண்டும். அடுத்த ஜூலையில் வருகிறவருக்கு முந்தையவரின் வேலையைத் தொடர்வதில் பெருமை இல்லை, புதிதாக ஒன்றைத் தொடங்குவதில் உண்டு. மார்ச் மாதத்தில் அமைச்சகங்கள் ஒதுக்கீட்டை அவசர அவசரமாகச் செலவழிப்பதைப் பார்த்துச் சிரித்தவர்கள் நீங்கள். சங்கங்களில் அதே காட்சி ஜூன் மாதத்தில் நடக்கிறது, இம்முறை நீங்களே அதை நடத்துகிறீர்கள்.

ரோட்டரியே தன் வாழ்நாளில் செய்த மிகப் பெரிய காரியம் இந்த ஒருநாள் வழக்கத்துக்கு நேர் எதிரானது. 1985இல் உலகம் முழுவதும் போலியோவை ஒழிக்கும் திட்டத்தை அது கையில் எடுத்தது. இந்தியாவில் அந்தக் கதை நம் ஊரில்தான் சூடுபிடித்தது. 1994 அக்டோபர் 2 அன்று, ஹர்ஷ் வர்தன் டெல்லியின் சுகாதார அமைச்சராக இருந்தபோது, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு ஒரே நாளில் சொட்டு மருந்து கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு அது நாடு தழுவிய இயக்கமாயிற்று. அதற்குப் பிறகு நடந்தது அலுப்பூட்டும் வேலை: அதே குழந்தைக்கு மறுபடி இரண்டு சொட்டு, அதே விரலில் மறுபடி மை, கதவைத் திறக்காத அதே வீட்டுக்கு மறுபடி ஒரு நடை. தலைவர்கள் ஆண்டுதோறும் மாறினார்கள், வேலை மாறவில்லை. 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் பதிவானதே கடைசி நோயாளி. 2014 மார்ச் 27 அன்று, இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியப் பகுதியைப் போலியோ அற்றதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஒரே வேலையை இருபது வருடம் செய்ததற்குக் கிடைத்த பலன் அது. ஒரு நாள் முகாமில் அது கிடைத்திருக்காது.

இன்னொரு சான்று உங்கள் வங்கிக் கணக்கிலேயே இருக்கிறது. 1979இல் அரசு ஓய்வூதியக் கணக்கீட்டைத் தாராளமாக்கியபோது, அந்த ஆண்டு மார்ச் 31க்கு முன் ஓய்வுபெற்றவர்களை வெளியே நிறுத்தியது. ஒரு நாள் முன்னால் ஓய்வுபெற்றவர் குறைவாக வாங்க வேண்டும். மறுநாள் ஓய்வுபெற்றவருக்குக் கூடுதல். அப்படி வெளியே நிறுத்தப்பட்டவர்களில் ஒருவரான டி.எஸ். நகாரா உச்ச நீதிமன்றம் போனார். அவரோடு மனுதாரராகச் சேர்ந்தது 'காமன் காஸ்' என்ற சங்கம். 1980இல் டெல்லியில் அதைத் தொடங்கியவர் எச்.டி. ஷோரி, அறுபது வயதைக் கடந்து ஓய்வுபெற்றிருந்த ஓர் அரசு அதிகாரி. 1982 டிசம்பர் 17 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தப் பாகுபாட்டைத் தள்ளியது. ஓய்வூதியம் அரசின் தயவால் வருவதன்று, உரிமையாக வருவது என்றது. அந்த நாளைத்தான் நீங்கள் ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகிறீர்கள். (அந்தத் தீர்ப்பின் பலத்தை 2025ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் அசைத்துப் பார்த்திருக்கிறது, அது வேறு சண்டை.) ஷோரி தெருவில் இறங்கிக் கோஷம் போட்டவர் அல்லர். விதியைப் படிக்கத் தெரியும், எந்த வாக்கியத்தில் அநீதி ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரியும், அதற்கு எதிராக ஒரு மனு எழுதத் தெரியும். பணியில் இருந்தபோது கற்ற அதே வித்தை. ஓய்வுக்குப் பிறகு அதை எந்தப் பக்கத்தில் நின்று பயன்படுத்துவது என்பதை மட்டும் அவர் மாற்றிக்கொண்டார்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். ஜங்புராவில் பாரபுல்லா வடிகாலின் கரையில் மதராசி கேம்ப் இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாக அங்கே குடியிருந்தார்கள். சுற்றியுள்ள காலனிகளில் பாத்திரம் தேய்த்து, சமைத்து, தெருப்பெருக்கி, குப்பை அள்ளிப் பிழைத்தார்கள். பிள்ளைகளை லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பினார்கள். வடிகாலைத் தூர்வாரித் தண்ணீர் தேங்காமல் செய்ய வேண்டும் என்ற வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையிட, 2025 ஜூன் 1 அன்று அந்தக் குடியிருப்பு இடிக்கப்பட்டது. ஏறக்குறைய 370 குடிசைகள். மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றவை அதில் பாதியை ஒட்டித்தான். அந்த வீடுகளும் நகரத்தின் வடகோடியில், ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர் தள்ளி நரேலாவில். காலை ஆறு மணிக்கு ஒரு வீட்டிலும் எட்டு மணிக்கு இன்னொரு வீட்டிலும் வேலைசெய்கிற பெண்ணுக்கு நாற்பது கிலோமீட்டர் என்றால் என்ன பொருள் என்று விளக்க வேண்டியதில்லை.

அந்த ஆணை சரியா, வடிகாலா வீடா என்ற விவாதத்துக்கு இந்த மடல் போகவில்லை. தகுதி என்ற சொல்லில் நீங்கள் சற்று நிற்க வேண்டும். டெல்லி அரசின் 2015ஆம் ஆண்டு மறுவாழ்வுக் கொள்கைப்படி, குடிசைப் பகுதி 2006 ஜனவரி 1க்கு முன்பே உருவாகியிருக்க வேண்டும்; அந்தக் குறிப்பிட்ட குடிசை 2015 ஜனவரி 1க்கு முன்பே இருந்திருக்க வேண்டும். 2012 முதல் 2015 வரையிலான வாக்காளர் பட்டியல்களில் ஒன்றிலாவது பெயர் வேண்டும். கணக்கெடுப்பு நடக்கிற ஆண்டின் பட்டியலிலும் வேண்டும். இவை போக, குறித்த ஆவணங்களில் ஒன்று அந்த முகவரியிலேயே வேண்டும். ஆக, ஒரு குடும்பம் அங்கே எத்தனை காலம் வாழ்ந்தது என்பது முடிவை எழுதுவதில்லை. காகிதத்தில் எப்படி வாழ்ந்தது என்பது எழுதுகிறது. வாக்காளர் பட்டியலில் அப்பா பெயர் ஓர் எழுத்து மாறியிருக்கும். ஆதாரில் ஊர் முகவரி இருக்கும். மின்கட்டண ரசீது செத்துப்போன மாமியார் பெயரில் வரும். இவற்றைத் திருத்துவது பெரிய சாமர்த்தியம் அன்று; ஒரு படிவம், ஓர் உறுதிமொழி, இரண்டு நடை. ஆனால் அதைப் பத்து வருடம் முன்பே யாராவது உட்கார்ந்து செய்திருக்க வேண்டும். அதே நகரத்தில் அந்தப் பத்து வருடத்தில் மாதாமாதம் கடைசி நாளில் சால்வை போர்த்தப்பட்டு வெளியே வந்தவர்கள் எத்தனை பேர்! விதி 4, உட்பிரிவு 2 என்று தூக்கத்திலும் சொல்லக்கூடியவர்கள். அவர்கள் வீட்டு வேலைக்கு வந்த பெண்ணின் வாக்காளர் அட்டையை ஒருமுறை வாங்கிப் பார்த்திருந்தால் போதும்.

இதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளுங்கள். டெல்லித் தமிழர் என்ற சொல்லை நாம் உச்சரிக்கும்போது நம் கண்முன் வருவது ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திர், 1946இல் தோன்றிய தமிழ்ச் சங்கம், தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகள், மார்கழிக் கச்சேரி. அத்தனையும் பெருமைக்குரியவை, அத்தனையையும் கட்டியவர்கள் உங்களைப் போல அலுவலகம் முடிந்து மாலையில் வேலைசெய்த ஊழியர்கள்தான். பள்ளிக்காக வீடு வீடாகப் போய் நிதி திரட்டியவர்களின் வாரிசுகள் நீங்கள். ஆனால் அந்தச் சொல்லுக்குள் பாரபுல்லாக் கரைக்காரர்கள் வருவதற்கு ஒரு புல்டோசர் தேவைப்பட்டது.

அப்படியானால் என்ன செய்யலாம்? வாரம் ஒருநாள், சனிக்கிழமை காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை, ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் ஓய்வுபெற்றவர் இருவர். ரேஷன் அட்டையில் பெயர் சேர்க்க, முதியோர் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்க, விதவை உதவித்தொகை நின்றுபோனது ஏன் என்று கேட்க, பள்ளி மாற்றுச் சான்று வாங்க, வங்கிக் கணக்கோடு ஆதாரை இணைக்க வருகிறவர்களுக்கு உட்கார்ந்து எழுதிக் கொடுக்க வேண்டும். டெல்லியில் முதியோர் ஓய்வூதியம் பெற ஐந்து வருடம் இங்கே குடியிருந்ததற்குச் சான்று கேட்கிறார்கள். வீடு இடிந்து முகவரி மாறிய பாட்டிக்கு அந்தச் சான்றை எங்கிருந்து எடுப்பது என்பது உங்களுக்குத் தெரிந்த வகைக் கணக்கு. பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது: பத்து ரூபாய்க் கட்டணம், வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவருக்கு அதுவும் இல்லை, முப்பது நாளில் பதில். அந்த மனுவில் எந்தக் கேள்வியை எப்படிக் கேட்டால் நழுவ முடியாது என்பது, இத்தனை வருடம் அப்படிப்பட்ட மனுக்களுக்கு நழுவலாகப் பதில் எழுதிய உங்களைவிட யாருக்குத் தெரியும்? நவம்பர் மாதம் வந்தால் உயிர்ச்சான்றுக்காக நீங்களே கைரேகை பதியாமல் வங்கியில் தவித்திருப்பீர்கள். முகத்தைக் காட்டியே சான்று தரும் வசதி 2021இல் வந்த பிறகும் அதைக் கைப்பேசியில் இறக்கத் தெரியாத ஓய்வூதியர்கள் உங்கள் அடுக்ககத்திலேயே இருக்கிறார்கள். அவர்களும் இதே மேசைக்கு வரலாம்.

மறுப்புகள் வரும். 'முப்பத்தைந்து வருடம் உழைத்தாயிற்று, மறுபடியும் ஃபைலா?' என்பீர்கள். நியாயமான அலுப்பு. ஆனால் அந்த முப்பத்தைந்து வருடத்தில் உங்களைச் சலிக்க வைத்தது ஃபைல் அன்று, அதன் மறுமுனையில் இருக்கும் முகத்தைப் பார்க்க முடியாமல் போனது என்றே நினைக்கிறேன். சனிக்கிழமை மேசையில் அந்த முகம் எதிரில் உட்கார்ந்திருக்கும். அதோடு, வாரத்தில் மூன்று மணி நேரம்தான். அமெரிக்காவின் பால்டிமோர் நகரத் தொடக்கப் பள்ளிகளில் 1990களில் தொடங்கிய 'எக்ஸ்பீரியன்ஸ் கார்ப்ஸ்' திட்டத்தில் அறுபதைத் தாண்டியவர்களிடம் வாரம் பதினைந்து மணி நேரம், பள்ளி ஆண்டு முழுவதும் கேட்டார்கள். அங்கே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கவனித்தது பிள்ளைகளின் படிப்பை மட்டும் அன்று. வயதானவர்களின் நடமாட்டமும் நினைவாற்றலும் எப்படி இருக்கின்றன என்பதையும்தான். தொடக்க ஆய்வுகளின் முடிவுகள் நம்பிக்கை தருபவையாகவே இருந்தன. எப்போதாவது ஒருநாள் வந்து போகிறவருக்கு அந்தப் பலன் கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

'இது அரசின் வேலை. நாம் செய்தால் அரசுக்குத் தப்பிக்க வழிசெய்து கொடுத்தது போல ஆகாதா?' இதுதான் உண்மையில் கனமான மறுப்பு. சோறு போடுவதிலும் பள்ளிக்கூடம் நடத்துவதிலும் அந்த ஆபத்து உண்டு. விண்ணப்பம் எழுதுவதில் நடப்பது அதற்கு நேர்மாறு. ஒழுங்காக எழுதப்பட்டு, டைரி எண் வாங்கப்பட்டு, நகல் வைத்துக்கொள்ளப்பட்ட ஒரு மனு, அரசு தன் வேலையைச் செய்தே தீர வேண்டிய கட்டாயத்தை உண்டாக்குகிறது. வாய்வார்த்தையாகத் திருப்பி அனுப்பப்பட்டவருக்கு மேல்முறையீடு கிடையாது. எழுத்தில் மறுக்கப்பட்டவருக்கு உண்டு. கடைநிலை அலுவலகத்தில் ஏழைகளை ஏன் எழுத்தில் மறுப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

'பிள்ளைகள் பெங்களூரிலும் நியூஜெர்சியிலும் இருக்கிறார்கள், நாங்கள் பாதி நாள் ஊரில் இருப்பதில்லை' என்பவர்களுக்கு: அதனால்தான் மேசைக்கு இருவர், பட்டியலில் பன்னிருவர். லீவ் ரிசர்வ் வைப்பது உங்களுக்குப் புதிதா? நவம்பரில் புகை மூட்டத்தில் வெளியே வர முடியாதவர் வீட்டிலிருந்தே வரைவு எழுதலாம். இன்னும் ஒரு மறுப்பை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டீர்கள், இருந்தாலும் அது அறையில் உட்கார்ந்திருக்கிறது: அவர்கள் வேறு, நாம் வேறு. ஊர், சாதி, படிப்பு, குடியிருப்பு எல்லாம் சேர்ந்து கட்டிய சுவர் அது. மேசை போட்டால் சுவர் இடிந்துவிடும் என்று நான் சொல்லப்போவதில்லை. வருகிறவரை 'வாங்க, உட்காருங்க' என்று எதிர் நாற்காலியில் உட்கார வைத்து, 'நீங்கள்' என்று பேசுவது என்ற ஒரே விதியை மட்டும் மேசைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்று பழகியவர்களுக்கு அந்த நாற்காலியே பாதி உதவி.

ஓய்வுபெறுவோரைத் தொண்டு வேலைகளோடு இணைக்க ஓய்வூதியத் துறையே 'சங்கல்ப்' என்று ஒரு முயற்சியை வைத்திருக்கிறது. அதற்காகக் காத்திருக்க வேண்டாம். உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். இடம்: மாதத்தில் இரண்டு சனிக்கிழமை நரேலாவில், வீடு பெற்றவர்கள் இருக்கும் குடியிருப்பிலேயே, மற்ற சனிக்கிழமைகளில் லோதி ரோடு, ஜங்புரா பக்கம், வீடு கிடைக்காமல் வாடகைக்குச் சிதறியவர்கள் நடந்து வரக்கூடிய ஓர் இடத்தில். காலம்: மூன்று வருடம், ஜூலையில் தலைவர் மாறினாலும் மாறாதது. செலவு: அடுத்த விழாவில் சால்வைக்கும் நினைவுப் பரிசுக்கும் ஒதுக்கியிருப்பதில் பாதி போதும். பேனர் வேண்டாம். கைரேகை வைக்க ஒரு ஸ்டாம்ப் பேட், ஒரு ஸ்டேப்லர், நகலெடுக்கக் கொஞ்சம் பணம், குடிக்கத் தண்ணீர், கைப்பேசி இயக்கத் தெரிந்த கல்லூரிப் பிள்ளை ஒருவர். கூடவே கட்டம் போட்ட தடித்த பதிவேடு ஒன்று: தேதி, பெயர், என்ன வேண்டும், எங்கே அனுப்பப்பட்டது, எப்போது நினைவூட்ட வேண்டும். அதில் வரிசை எண் 1க்கு எதிரே யார் பெயரை எழுதுவது என்பதை அடுத்த சனிக்கிழமை உங்களில் இருவர் போய்க் கேட்டு வாருங்கள்.

அன்புடன்,
டெல்லித் தமிழர்களில் ஒருவன்